பிஸ்டன் சொல்லும் சாட்சி

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒரு கிறீச்சென்ற சப்தத்துடன் திடீரென்று இறுகிப்போய், பின்சக்கரம் உருளாமல் சாலையிலே தேய்ந்துகொண்டு சென்று நின்றால், நம் ஊர்ப் பட்டறைகளில் அதை "சீஸ் ஆகிவிட்டது" என்பார்கள். சிலிண்டருக்குள் ஏறி இறங்க வேண்டிய பிஸ்டன், சூட்டினால் பருத்து, சிலிண்டரின் சுவரைக் கவ்விக்கொண்டு அசைய மறுக்கிறது என்பது அதன் பொருள். வண்டிக்காரர் பாவம், வெயிலில் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சேருகிறார். பிஸ்டன் மாற்றப்படுகிறது, சிலிண்டர் ரீபோர் செய்யப்படுகிறது, பணம் கை மாறுகிறது. வண்டியும் ஓடத்தான் ஓடுகிறது. சில வாரங்கள் சென்றபின், அதே சாலையில், அதே கிறீச்சென்ற சப்தம்!

இந்த இரண்டாவது சப்தத்தைப் பற்றித்தான் இவ்வாரம் வாசக நேயர்களிடம் பேச விரும்புகிறேன். முதல் தடவை யந்திரம் கெட்டதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். இரண்டாம் தடவை கெட்டதற்குப் பெரும்பாலும் ஒரே காரணந்தான் உண்டு: முதல் தடவை "ஏன்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொல்லும் யந்திரம் இரு வீச்சு யந்திரம். பட்டறைத் தமிழில் "டூ ஸ்ட்ரோக்". "அது பழங்கதை அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். 1980-ம் வருஷத்தில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985 முதல் 1996 வரையில் நம் நாட்டில் உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. 2000-ம் வருஷத்துக்குப் பிறகு புகைக் கட்டுப்பாடுகள் படிப்படியாகக் கடுமையானபோது புதிய வண்டிகளில் நான்கு வீச்சு யந்திரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் பழையவை மறைந்து போகவில்லை. விடியற்காலையில் பால் கேன்களையும் கீரைக் கட்டுகளையும் இளநீர்க் குலைகளையும் சுமந்துகொண்டு சந்தைக்கு வரும் மொபெட்டுகளைப் பாருங்கள். வயலில் மருந்து தெளிக்கும் கருவியையும், மரம் அறுக்கும் செயின் ரம்பத்தையும் பாருங்கள். ஒரு குடும்பத்தின் அன்றாடக் கஞ்சி இந்தச் சிறு யந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை இன்றும் காணலாம். ஆகையால் அதன் நோயை அறிந்துகொள்வது வெறும் வேடிக்கைக்குரிய விஷயமாகாது.

யந்திரத்தின் இரண்டு ரகசியங்கள்

1891-ம் வருஷத்தில், இங்கிலாந்தில் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோஸப் டே என்பவர் இந்த வகை யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையையே ஒரு பம்பாகப் பயன்படுத்தியது அவருடைய யுக்தி. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழ் அறையில் வெற்றிடம் உண்டாகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி கார்புரேட்டர் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அதே சமயத்தில் பிஸ்டனுக்கு மேலே உள்ள ஆவி நெருக்கப்படுகிறது. பிளக் பொறி விடுகிறது; பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. இறங்கும் வழியில் அது முதலில் புகை வாயிலைத் திறக்கிறது. அடுத்த க்ஷணம், கீழ் அறையில் நெருக்குண்ட புது ஆவி மேலே வரும் வாயிலைத் திறக்கிறது. புது ஆவி உள்ளே வர, பழம் புகை வெளியேறுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு வெடி. நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால், விநாடிக்கு 100 தடவை இந்த நாடகம் நடந்து முடிகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன. நோய்கள் யாவும் இவற்றிலிருந்தே கிளைக்கின்றன.

முதலாவது, கீழ் அறை பம்பாக வேலை செய்வதால், அதில் ஊசி முனையளவு ஓட்டைகூட இருக்கலாகாது. ஓட்டை இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து ஆவியைப் பலவீனப்படுத்தும். பெட்ரோல் குறைந்த ஆவி அதிகச் சூட்டை உண்டாக்கும்.

இரண்டாவது, நான்கு வீச்சு யந்திரத்தைப் போல அடியில் எண்ணெய்த் தொட்டி வைத்து உறுப்புக்களை நனைக்க இங்கே வழியில்லை. எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தோ, ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றில் தனிப் பம்பின் மூலமாகவோ, உள்ளே வரும் ஆவியோடுதான் வந்து சேர வேண்டும். கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சூடு ஏறும் அதே வேளையில் வழவழப்பும் குறைவது என்றால், பிஸ்டனின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நல்ல வைத்தியர் நாடி பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். யந்திரத்துக்கும் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும். ஸ்பானரை எடுக்கும் முன் வரிசையாக ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

பெட்ரோல் வருகிறதா? குழாயைக் கழற்றி, டாங்கியின் குழாய்த் திருகைத் திறந்து பாருங்கள். தடையின்றி ஒழுக வேண்டும். சில மைல் தூரம் ஓடி நின்று, டாங்கி மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் ஓடுகிறதென்றால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. ஒரு குண்டூசியோடு தீர வேண்டிய வியாதி அது. பெட்ரோல் வந்தும் யந்திரம் எடுக்கவில்லையென்றால் கார்புரேட்டரின் ஜெட்டுகளை ஆராய வேண்டும்.

பொறி விழுகிறதா? பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் ஆவி இல்லாத இடமாகப் பார்த்து, அதன் உலோக உடலை யந்திரத்தோடு ஒட்டவைத்துக் கிக்கரை மிதியுங்கள். நீல நிறமான பொறி அழுத்தமாக விழவேண்டும். வெளியே பொறி விட்ட பிளக், உள்ளே நெருக்கத்தில் சோம்பிவிடுவதும் உண்டு. ஆகவே புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நலம். பொறி நன்றாக இருந்தும் காலம் தவறி விழலாம். சுழலும் மாக்னெட் சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் சிறு அரைவட்டச் சாவி முறிந்திருந்தால் இவ்வாறு நேரும்.

நெருக்கம் இருக்கிறதா? பிளக் துவாரத்தில் கம்ப்ரெஷன் கேஜைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து, முள் மேலே ஏறாது நிற்கும் வரையில் மிதியுங்கள். இத்தகைய சிறு யந்திரங்களில் சதுர அங்குலத்துக்கு 110, 120 பவுண்டு என்று காட்டினால் பொதுவாகத் திருப்தி அடையலாம். 90-க்குக் கீழே இறங்கிவிட்டால் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்தன என்று சந்தேகிக்க வேண்டும். அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் கொடுத்துள்ள அளவே முடிவான பிரமாணம்.

புகை தாராளமாக வெளியேறுகிறதா? சுலபமாக ஸ்டார்ட் ஆகி, மேட்டில் மாத்திரம் மூச்சுத் திணறும் வண்டிகளில், சைலன்ஸரின் உள்குழாயைக் கரி அடைத்திருப்பது வழக்கம். பிஸ்டனை மாற்றி இதற்குப் பரிகாரம் தேடுவது, மூக்கடைப்புக்கு இருதய சிகிச்சை செய்வதை ஒக்கும்.

ஐந்தாவது கேள்வியே முக்கியமானது. அதைத்தான் அநேகர் கேட்பதில்லை. கீழ் அறை காற்றுப் புகாமல் இருக்கிறதா? கார்புரேட்டர் பொருந்தும் வாயையும் சைலன்ஸர் பொருந்தும் வாயையும் ரப்பர்த் தகடு வைத்து அடைத்து, பிஸ்டனை அடியில் நிறுத்தி, உள்ளே மெள்ளக் காற்றை ஏற்ற வேண்டும். அழுத்தம் 5 அல்லது 6 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் ஆயில் சீல்களே பெயர்ந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர்க் குமிழும் முள் வட்டும் போதும். அதில் 250 என்ற அளவு ஏறத்தாழ 5 பவுண்டுக்குச் சமம். சில நிமிஷங்கள் முள் அசையாது நின்றால் அறை பழுதற்றது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பூசிப் பாருங்கள். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான்.

கிராங்க் அச்சின் இரு முனைகளிலும் ஆயில் சீல்கள் உண்டு. மாக்னெட் பக்கத்துச் சீல் கிழிந்தால் வெறுங்காற்று உள்ளே போகும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் யந்திரம் தன்னிஷ்டமாகக் கூவிக்கொண்டு ஓடும். கிளட்ச் பக்கத்துச் சீல் கிழிந்தால் கியர்ப் பெட்டியின் எண்ணெய் இழுபட்டு எரியும். பின்னால் வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி வெண்புகை கக்கும். கியர் எண்ணெயும் காரணமின்றிக் குறைந்துகொண்டே வரும்.

ஒரு கீரை வியாபாரியின் மொபெட்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கீரை விற்கும் பெரியவர் ஒருவரின் மொபெட் நான்கு மாதத்துக்குள் இரண்டு தடவை சீஸ் ஆயிற்று. இரண்டு தடவையும் ஒரு பட்டறையில் பிஸ்டன் மாற்றினார்கள். மூன்றாம் தடவை வண்டி நின்றபோது அவர் என்னிடம் வந்து, "வாத்தியாரையா, மறுபடியும் பிஸ்டன் போடணுங்கிறாங்க. வண்டியை வித்தாலும் அந்தக் காசு தேறாது" என்றார்.

என்னிடம் பெளதிகம் படித்த பையன் ஒருவன் இப்பொழுது ஊர்க் கோடியில் சிறு பட்டறை வைத்திருக்கிறான். பெரியவரை அவனிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, ரெண்டு நாள் வண்டி இங்கேயே இருக்கட்டும். முதல்லே என்ன வியாதின்னு பாத்துடறேன். பிரிக்கிறது அப்புறம்" என்றான்.

"பாத்துக்கிட்டே இருந்தா ஓடுமா தம்பி?" என்றார் பெரியவர்.

"பாக்காம ஓட்டினதுதானே தாத்தா ரெண்டு தடவை நின்னுது!" என்று அவன் சிரித்தான்.

கார்புரேட்டரை யந்திரத்தோடு இணைக்கும் ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தில், இறுக்கும் பட்டைக்குள் மறைந்து, அரை அங்குல நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டவுடன் அது குமிழியிட்டுத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதன் வழியாகப் புகுந்த காற்றுத்தான் மூன்று பிஸ்டன்களையும் தின்றிருக்கிறது. அந்த ரப்பரின் விலையோ பிஸ்டன் விலையில் சொற்பப் பங்கு. இரண்டு தடவை வண்டியைப் பிரித்தவர்களின் கைத்திறமையில் குறை ஒன்றுமில்லை. ரிங்குகளை ஒழுங்காகத்தான் பொருத்தியிருந்தார்கள். கழற்றிய பிஸ்டனைக் குப்பையில் எறியுமுன் அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவே. பார்த்திருந்தால் அது பேசியிருக்கும்.

பிஸ்டன் பேசும் பாஷை

பிஸ்டனின் புகை வாயில் பக்கம் மாத்திரம் உரசிக் கீறியிருந்தால், ஆவியில் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம் என்று அர்த்தம். காற்றுக் கசிவையும் அடைபட்ட ஜெட்டையும் தேடுங்கள். சுற்றிலும் நான்கு இடங்களில் செங்குத்தான கோடுகளாக உரசியிருந்தால், குளிர்ந்த யந்திரத்தை ஸ்டார்ட் செய்தவுடனேயே விரட்டியிருக்கிறார்கள்.

இதற்குக் கணக்கு உண்டு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது; சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஆர்.எக்ஸ். 100-இன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். 100 டிகிரி சூடு ஏறினால் அந்த அளவுள்ள பிஸ்டன் சுமார் 0.1 மில்லிமீட்டர் பருக்கும். இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளியோ அதில் பாதிகூட இல்லை. சிலிண்டரும் சூடாகித் தானும் விரிந்து இடம் கொடுக்கும் வரையில் பிஸ்டனை அவசரப்படுத்தலாகாது.

உச்சியில் துவாரம் விழுந்திருந்தாலும், விளிம்பு எறும்பு அரித்ததுபோல் பொரிந்திருந்தாலும், பொறி காலத்துக்கு முன்பே விழுகிறதா, பிளக் அந்த யந்திரத்துக்கு ஏற்ற ரகந்தானா என்று பாருங்கள். ரிங்குகளுக்குக் கீழே கறுத்திருந்தால், ரிங்குகள் தேய்ந்து நெருப்பு கீழே இறங்கியிருக்கிறது. ஆவி நுழையும் பக்கத்தில் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாக மழுங்கித் தேய்ந்திருந்தால், தூசி புகுந்திருக்கிறது; காற்றுச் சல்லடையைக் கவனியுங்கள்.

தூசியின் கொடுமையை அறிய விரும்புவோர் அமெரிக்காவின் மணல்மேடுகளைப் பார்க்க வேண்டும். பருத்த டயர்கள் நான்கு பூட்டிய, சாலை வேண்டாத சிறு வண்டிகளை அங்கே மணலிலும் பண்ணை நிலங்களிலும் ஓட்டுகிறார்கள். 1988 முதல் 2006 வரையில் யமஹா கம்பெனி விற்ற "பிளாஸ்டர்" என்னும் நாற்சக்கர வண்டி அவற்றுள் ஒன்று. அதற்கும் ஒற்றைச் சிலிண்டர் இரு வீச்சு யந்திரந்தான். விட்டம் 66 மில்லிமீட்டர், வீச்சு 57 மில்லிமீட்டர், மொத்தம் 195 ஸி.ஸி. மணலில் உழலும் அந்த யந்திரத்தைக் காப்பது எண்ணெயில் தோய்த்த ஒரு நுரைப்பஞ்சுச் சல்லடை. அந்தப் பஞ்சு கிழிந்தாலும், எண்ணெயின்றி உலர்ந்தாலும், மணல் தூள் உள்ளே சென்று பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும். ஆகையால் அதை அடிக்கடி கழுவி, உலர்த்தி, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து பொருத்துவது அவ்வண்டிக்காரர்களின் நித்திய கர்மம். நம் செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கும் அதே நியமம் பொருந்தும்.

பிரித்துக் கோத்தல்

காரணம் தெரிந்த பிறகே ஸ்பானர். முதலில் யந்திரத்தின் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். வெளியிலுள்ள மண் உள்ளே விழுவது, திருடனை விருந்துக்கு அழைப்பதாகும். ஹெட்டின் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சிலிண்டரைத் தூக்கியவுடன் கீழ் அறையின் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சிறு கம்பி வளையம் துள்ளி அதற்குள் விழுந்துவிட்டால், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவு இருக்கலாம். மேலும் கீழும் ஆட்டம் சிறிதும் இருக்கலாகாது. இருந்தால் அடிமுனை பேரிங் போய்விட்டது. இந்தக் கிராங்க் பல துண்டுகளை அழுத்திப் பொருத்திச் செய்தது. அதைப் பிரிக்கவும் கூட்டவும் பிரஸ் வேண்டும். கூட்டிய பின் லேத்தில் ஏற்றி, டயல் கேஜ் வைத்து, ஆட்டமில்லாமல் நேராக்க வேண்டும். சுத்தியல் வீரர்களுக்கு இங்கே இடமில்லை.

சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும், குறுக்கிலும் நெடுக்கிலுமாக அளக்க வேண்டும். வட்டம் நீள்வட்டமாகியிருந்தால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. பெரிய அளவுப் பிஸ்டன்கள் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் படிகளாகக் கிடைக்கின்றன. முதலில் பிஸ்டனை வாங்கிப் பட்டறையில் கொடுங்கள். அதை அளந்து அதற்கேற்பச் சிலிண்டரை ரீபோர் செய்வதே முறை. ரீபோர் செய்தபின் வாயில்களின் கூரான விளிம்புகளை மெல்ல மழுக்கச் சொல்லுங்கள். இல்லாவிடில் ரிங் அந்த விளிம்பில் மாட்டி ஒடியும்.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் சமமாகத் தள்ளி, இரு முனைகளுக்கும் இடையேயுள்ள சந்தை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.15 முதல் 0.35 வரையில் இருப்பது வழக்கம். சந்து இல்லாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். மிகுந்தால் நெருக்கம் வீணாகும். பிஸ்டனின் பள்ளத்தில் சிறு முளை ஒன்று உண்டு. ரிங்கின் இரு முனைகளும் அதன் இரு புறமும் அமரவேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகை வாயிலை நோக்கட்டும். கழற்றிய கம்பி வளையத்தை மறுபடி போடாதீர்கள். புது வளையத்தின் திறந்த வாய் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். கேஸ்கட்டுகள் புதியவையாகவே இருக்கவேண்டும். எண்ணெய்ப் பம்பு உள்ள வண்டியானால், அதன் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் வரையில் யந்திரத்தை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கோத்து முடித்ததும் காற்றுக் கசிவுப் பரீக்ஷையை மறுபடி ஒரு முறை நடத்துங்கள்.

ஓட்டுகிறவரின் கடமை

புதிதாகக் கோத்த யந்திரத்தைச் சில நிமிஷங்கள் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, முழுவதும் ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்து, ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளைச் சரிபாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரையில் பெரும் பாரமும் வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டவும் வேண்டாம்.

எண்ணெயைக் கலந்து ஊற்றும் வண்டிக்கு 50-க்கு 1 என்று விதித்திருந்தால், லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். "கொஞ்சம் கூடவே ஊற்றினால் யந்திரத்துக்கு நல்லதுதானே?" என்று தயாள குணத்தோடு கேட்பவர்கள் உண்டு. ஜெட் வழியே போவது எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்த கலவை; எண்ணெய் மிகுந்தால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. கரியும் புகையும் பெருகுவது தனி. விதித்த அளவே மருந்து.

இன்னொன்று, மலையிலிருந்து இறங்குவோருக்கு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு, கியரின் பலத்தாலேயே வண்டியை அடக்கிக்கொண்டு வருவது நான்கு வீச்சு வண்டிக்குத் தகும். இரு வீச்சு வண்டியில் அப்பொழுது யந்திரம் வேகமாகச் சுழல்கிறது. ஆனால் பெட்ரோல் வருவதில்லை, ஆதலால் எண்ணெயும் சரிவர வருவதில்லை. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் திறந்து மூடினால், பிஸ்டனின் வறண்ட தொண்டை நனையும். பிரேக்குகள் முதலில் சரியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த யந்திரத்தின் பிறவிக் குறை ஒன்றையும் மறைக்கலாகாது. புது ஆவியும் பழம் புகையும் ஒரே சமயத்தில் உள்ளே வந்து வெளியே போவதால், எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி புகையோடு தப்பிச் செல்கிறது. எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் இது முற்றும் தீராது. அரசாங்கங்கள் கட்டுப்பாடு விதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் தேய்ந்த ரிங்கும் கிழிந்த சீலும் உள்ள வண்டி, ஒழுங்காகக் கோத்த வண்டியைவிடப் பன்மடங்கு ஊரைக் கெடுக்கும் என்பதும் உண்மை. வேறு வண்டி வாங்க வசதியில்லாதவன் தன் பழைய வண்டியை ஒழுங்காக வைத்திருப்பது, அவன் பைக்கும் நல்லது, அண்டை வீட்டாரின் நுரையீரலுக்கும் நல்லது.

முடிவாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பால் கணக்குக்கும் வண்ணான் கணக்குக்கும் நோட்டுப் புத்தகம் வைப்பதுபோல, வண்டிக்கும் ஒன்று வையுங்கள். பழுது பார்த்த தேதி, பிஸ்டனின் அளவு, ரிங் சந்து, பிளக்கின் நிறம், செலவான தொகை ஆகியவற்றை அதில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் "காரணம்" என்று ஒரு கட்டம் போடுங்கள். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, கழற்றிய பழைய பிஸ்டனையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் எழுத ஒரு வார்த்தை கிடைக்கும் வரையில், வேலை முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.